இழுக்கிறவர், இழுபடுகிறவர், பின்னால் நடக்கிறவர்

கலஹா நகரில் காலை நேரத்தில் சும்மா அரை மணி நேரம் நின்றால் போதும், இந்த மலைப்பக்கத்தில் எதை எதோடு கட்டி இழுக்கிறோம் என்பது அத்தனையும் கண்முன்னே போய்விடும். கொழுந்து மூட்டைகளோடு ஒரு டிராக்டர் பெட்டி. தெல்தோட்டைப் பக்கமிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு தடதடவென்று வரும் லேண்ட்மாஸ்டர் என்ற இரு சக்கரக் கைப்பிடி டிராக்டர். கல்யாண வீட்டுக்கு ஜெனரேட்டர் இழுத்துப் போகும் பழைய ஜீப். பழுதான வேனைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கும் லொறி. நாம் சுமையைப் பார்க்கிறோம், சாரதியைப் பார்க்கிறோம், தெரிந்தவர் என்றால் கையும் காட்டுகிறோம். இரண்டு வண்டிகளும் சேருகிற அந்த ஒரு சாண் இடத்தைக் குனிந்து பார்ப்பவர் மிகக் குறைவு.

குனிந்து பார்த்தால் பல வண்டிகளில் கதை ஒன்றுதான். இணைப்புப் பின் இருக்க வேண்டிய துளையில் கொங்கிறீட் கம்பித் துண்டு ஒன்று சொருகியிருக்கும். மேல் முனை கழன்று விழாமல் இருக்க வளைத்து விட்டிருப்பார்கள். கீழ் முனையில் பூட்டூசி போட வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி இரண்டு சுற்று. கம்பியின் நடுப்பகுதி உராய்ந்து உராய்ந்து இடுப்பு ஒடுங்கிப்போயிருக்கும். துளையும் வட்டமாக இராது. முன்னும் பின்னும் இடிபட்டு நீண்டிருக்கும். அந்த ஆட்டத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் சுமை முழுவதும் சுத்தியல் அடியாகக் கம்பிமேல் விழுகிறது. பாதுகாப்புச் சங்கிலி இருந்தால் அது அதிசயம்.

இதை ஏழ்மை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் சரியான பின் ஒன்றின் விலை ஒரு டயரின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. டயருக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். தேய்ந்தால் அவர் புலம்புவார். கொக்கிக்கு அப்படி யாரும் இல்லை. டிராக்டர் ஒருவருடையது, பெட்டி இன்னொருவருடையது, ஓட்டுகிறவர் நாட்சம்பளக்காரர், வெல்டிங் வைத்தவர் எப்போதோ காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். எல்லோருக்கும் நடுவில் இருப்பதால் அது யாருக்கும் சேராததாகிவிட்டது. இந்தப் பக்கத்தில் பேச வேண்டியது இதைத்தான்.

இப்போது ஏன் பேச வேண்டும் என்றால், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட பிறகு, கட்டி இழுப்பது நம் வாழ்க்கையில் அவசர சேவையாகவே ஆகிவிட்டது. மண் சரிந்து பாதை மூடிய இடங்களில் முதலில் கை கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்கள். நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப் வைத்திருப்பவர்கள், டிராக்டர் வைத்திருப்பவர்கள், வயர் கயிறு வைத்திருப்பவர்கள். விழுந்த மரத்தை இழுத்தார்கள், சேற்றில் புதைந்த வாகனங்களை இழுத்தார்கள், நிவாரணப் பொருள் ஏற்றிய பெட்டிகளை இழுத்தார்கள். சிங்களக் கிராமம், முஸ்லிம் கடைத்தெரு, தோட்டத்து லயம் என்று பார்க்காமல் இழுத்தார்கள். அந்த மனசைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் அந்தக் கயிறுகளை எங்கே மாட்டினார்கள் என்று கேட்கத்தான் வேண்டும். பம்பரில் மாட்டினவர் உண்டு, ஸ்பிரிங் ஷெக்கிளில் மாட்டினவர் உண்டு, பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் டோ பாரின் உருண்டையில் சுற்றினவர் நிறையவே உண்டு.

அந்த உருண்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஜீப்பின் பின்னால் இருக்கும் 50 மில்லிமீற்றர் உருண்டை, ட்ரெய்லர் ஒன்றை நிதானமாக இழுத்துப் போவதற்காகச் செய்யப்பட்டது. புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுத்து எடுப்பதற்கு அல்ல. கணக்கு எளிது. 2 தொன் எடையுள்ள ஜீப் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் போய்க் கயிறு இறுகி, 10 சென்ரிமீற்றர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், அந்தக் கொக்கியில் விழும் சராசரி விசை ஏறத்தாழ 8 தொன் எடைக்குச் சமம். வேகத்தை 20 ஆக்கினால் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. 30 தொன்னைத் தாண்டிவிடும். சங்கிலியும் வயர் கயிறும் பெரிதாக நீள்வதே இல்லை என்பதால் அடி முழுதும் அப்படியே போய்ச் சேருகிறது. நீளக்கூடிய நைலோன் பட்டி அடியை மென்மையாக்கும். ஆனால் அது நீளும்போது சக்தியைத் தன்னுள்ளே சேர்த்து வைக்கிறது. உருண்டையின் கழுத்து அந்த நேரம் பார்த்து முறிந்தால், சேர்ந்த சக்தி அத்தனையும் ஒரு கிலோ இரும்பைத் தூக்கி எறியப் போதும். அது கண்ணாடியையும் துளைக்கும், இருக்கையையும் துளைக்கும். அவுஸ்திரேலியாவில் இப்படியே சாரதிகளும் பக்கத்தில் நின்றவர்களும் இறந்திருக்கிறார்கள். அங்கே காட்டுப்பாதை ஓட்டப் பழகுகிறவருக்குச் சொல்லப்படும் முதல் பாடங்களில் ஒன்று, உருண்டையில் பட்டி மாட்டாதே என்பது.

ஆகவே ஒரு ஜீப்புக்குப் பின்னால் இரண்டு விதமான இடம் வேண்டும். ட்ரெய்லர் இழுக்க ஒன்று, மீட்பதற்கு இன்னொன்று. இரண்டும் சேசியின் இரு பக்கத் தண்டோடும் சேர்ந்திருக்க வேண்டும். நம் கராஜ்களில் நடப்பது என்ன? பம்பருக்குப் பின்னால் இருக்கும் குறுக்குத் தகட்டில் ஒரு தட்டையான இரும்பை வைத்து, நான்கு துளை போட்டு, கையில் கிடைத்த போல்ட்டை முடுக்கிவிடுகிறார்கள். பார்க்க அழகாகக் கறுப்பு பெயின்ற் அடித்துக் கொடுக்கிறார்கள். பெயின்ற் அடித்த வெல்டிங்கை நம்பாதீர்கள் என்று பழைய பாஸ்மார் சொல்வதில் நியாயம் உண்டு. விரிசலை மறைப்பதில் அதற்கு நிகர் இல்லை.

நல்ல வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் நாம் கேட்டு வாங்கலாம். முதலில் வண்டியின் கையேட்டில் எவ்வளவு இழுக்கலாம் என்று போட்டிருக்கிறதோ அதைப் பார்க்க வேண்டும். வண்டி, டோ பார், உருண்டை, ட்ரெய்லர் நான்கில் எது குறைவாகத் தாங்குமோ அதுதான் மொத்தத்தின் அளவு. நான்கு தொன் டோ பார் போட்டுவிட்டேன் என்று ஒருவர் பெருமைப்பட்டால், அவருடைய ஜீப் ஒன்றரைத் தொன்னுக்கு மேல் இழுக்கக் கூடாததாக இருக்கலாம்.

அடுத்தது போல்ட். தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ பொறித்திருக்க வேண்டும். எதுவும் பொறிக்காத மலிவு போல்ட்டை 4.6 தரம் என்று வைத்துக்கொண்டால், 12 மில்லிமீற்றர் போல்ட் ஒன்று அறுபட ஏறத்தாழ 3.4 தொன் இழுவை போதும். அதே அளவு 8.8 போல்ட் ஏறத்தாழ 6.9 தொன் வரை நிற்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சேசித் தண்டு பெட்டி வடிவமாக இருந்தால் உள்ளே குழாய்த் துண்டு வைத்துத்தான் போல்ட்டை இறுக்க வேண்டும்; இல்லாவிட்டால் இறுக்கும்போதே பெட்டி உள்வாங்கி, பிறகு போல்ட் தளர்ந்துவிடும். தண்டின் பக்கச் சுவரில் துளை போடலாம், மேல் கீழ் விளிம்புகளில் போடக் கூடாது; வளையும் விசையைத் தாங்குவது அந்த விளிம்புகள்தான். வெளிப்பக்கம் அகலமான தகடு வைத்துப் பாரத்தைப் பரப்ப வேண்டும். முதல் நூறு கிலோமீற்றர் ஓடியபின் திரும்ப வந்து முடுக்கிப் பார்க்க வேண்டும். நம் ஊரில் இந்தக் கடைசி வேலையை யாரும் செய்வதே இல்லை. வண்டி போனால் போனதுதான்.

காட்டுப்பாதை வண்டிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. டோ பார் தாழ்ந்திருந்தால் பள்ளத்திலிருந்து ஏறும்போது நிலத்தில் இடித்துக்கொள்ளும். அதற்காக உயர்த்தி வைத்தால் ட்ரெய்லரின் மூக்கு மேலே நிமிர்ந்துவிடும். உடனே நம்மவர் கண்டுபிடிக்கும் வழி, கீழே ஒரு நீட்டல் துண்டை வெல்டிங் பண்ணி விடுவது. சேசிக்குக் கீழே ஒரு சாண் தொங்கும் கொக்கியை ஒரு தொன் விசையில் இழுத்தால், அது மேலே உள்ள போல்ட்களை நெம்புகோல்போட்டுப் பிடுங்குகிறது. அதைவிட இரண்டு அங்குலச் சதுரக் குழாய் பொருத்தி, வேண்டும்போது உருண்டையைச் சொருகி, வேண்டாதபோது கழற்றிவிடும் அமைப்பு எவ்வளவோ மேல். அதே குழாயில் உருண்டைக்குப் பதிலாக ஷெக்கிள் மாட்டும் கட்டையைச் சொருகினால் மீட்புக்கும் ஆகும். அதுவும் வாங்கும்போது எத்தனை தொன் என்று பொறித்திருப்பதாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் நல்ல இரும்பில் செய்தாலும், எதன்மேல் பொருத்துகிறோம் என்பது மிச்சம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரி வரை தனியார் வாகனங்கள் வரவில்லை. அந்த ஐந்து ஆண்டும் பழைய ஜீப்புகளை ஒட்டி ஒட்டி ஓட்டினோம். இன்றைய விலையில் இன்னும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கலஹா, லூல்கந்துர, ஹேவாஹெட்ட பக்கத்து மழையும் பனியும் சேசியை உள்ளிருந்து தின்னும். லேண்ட் ரோவரில் துரு முதலில் வாய் வைப்பது பின் குறுக்குத் தண்டில். டோ பார் உட்காருவதும் அதே தண்டில். சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாலே தெரியும். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். இற்றுப்போனது பொத்தென்று சொல்லி, செதிலாக உதிரும். அதன்மேல் தகடு வைத்து வெல்டிங் பண்ணுவது துருவுக்குச் சட்டை போடுவதுதான்.

டிராக்டருக்கு வருவோம். விழுந்த மரத்தை இழுக்கச் சங்கிலியைக் கீழுள்ள இழுவைத் தண்டில் மாட்டாமல், வசதிக்காக மேலே உள்ள இணைப்பிலோ இருக்கைக்குக் கீழோ மாட்டிவிடுகிறார்கள். மரம் அசையாமல் நின்றால் டிராக்டர் பின்சக்கரத்தை அச்சாக வைத்து முன்பக்கம் எழும்பி, அப்படியே மல்லாந்துவிடும். மீள முடியாத நிலைக்குப் போக ஒரு விநாடிகூட ஆகாது. கிளச்சை மிதிக்க நினைக்கும் முன்பே சாரதி அடியில் கிடப்பார். ஹரி பெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் கலப்பையை மூன்று புள்ளியில் பிணைக்கும் முறையைக் கண்டுபிடித்ததற்கு இந்த மல்லாந்துபோகும் பயமும் ஒரு காரணம். அவர் பெயர் இன்றும் நம் மெஸி பெர்குசன் டிராக்டர்களின் நெற்றியில் இருக்கிறது. அந்தப் பெயருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டே அவர் தவிர்க்க நினைத்ததைச் செய்கிறோம்.

லேண்ட்மாஸ்டரிலோ இறக்கம்தான் எமன். ஏற்றத்தில் வலது கைப்பிடியின் கிளச்சைப் பிடித்தால் வண்டி வலது பக்கம் திரும்பும். இறக்கத்தில் பெட்டியின் பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது அதே கிளச்சைப் பிடித்தால் வலது சக்கரம் விடுபட்டு வேகமாக ஓட, வண்டி இடது பக்கம் போகும். பழகாத பையன் ஒருவன் பயந்துபோய் இன்னும் இறுக்கிப் பிடிப்பான். எட்டடிக்கு ஓரடி என்று இறங்கும் பாதையில் ஒன்றரைத் தொன் பெட்டி சும்மா நின்றாலே 185 கிலோ அளவுக்கு முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். பெட்டிக்குப் பிரேக் இல்லை. இருந்தாலும் வேலை செய்வதில்லை. அத்தனை பாரத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது நாம் மேலே பார்த்த அந்தக் கம்பித் துண்டு.

அந்தப் பெட்டியில் ஆட்களும் உட்கார்ந்திருப்பார்கள். மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், சாவு வீட்டுக்குப் போகிறவர்கள். 2024 நவம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டம் காரைதீவுக்கு அருகே மாவடிப்பள்ளியில், மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை நாடே பார்த்து அழுதது. அங்கே கொக்கி முறியவில்லை, காரணம் வேறு. ஆனால் பிள்ளைகள் ஏன் டிராக்டர் பெட்டியில் இருந்தார்கள் என்ற கேள்வி கிழக்குக்கும் மலைக்கும் பொது. பஸ் இல்லாததால் இருந்தார்கள். ஆட்களைப் பெட்டியில் ஏற்றாதே என்று பலகை எழுதி வைப்பவர்கள் அவர்களுக்கு வேறு என்ன வாகனம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். என் நிலைப்பாடு இதில் கறார்தான்: மலைப்பாதையில் பெட்டியில் ஆள் ஏற்றக் கூடாது. அதைச் செயல்படுத்தும் செலவைத் தொழிலாளியின் கால்மேல் ஏற்றவும் கூடாது. தோட்டம் லொறியோ வேனோ கொடுக்கட்டும்.

இந்தப் பாதையில் வண்டிச்சக்கரத்தின் கதை பழையது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட 1867 ஆம் ஆண்டில்தான் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயிலும் வந்தது. மாட்டு வண்டி, ரயில், லொறி, டிராக்டர் என்று இழுப்பது மாறியதே தவிர, பிணைக்கும் இடத்தின் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி மாறவில்லை. அமெரிக்க ரயில்களில் அதே காலத்தில் பெட்டிகளை வளையமும் பின்னும் போட்டுத்தான் பிணைத்தார்கள். நகரும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் ஒரு தொழிலாளி நின்று பின்னைச் சரியான நேரத்தில் துளைக்குள் விட வேண்டும். விரல் போனவர்கள், கை போனவர்கள், உயிர் போனவர்கள் ஏராளம். அனுபவசாலியா என்று பார்க்க விரல்களை எண்ணுவார்களாம். தானாகப் பூட்டிக்கொள்ளும் இணைப்பை ஈலை ஜனி என்பவர் 1873 இலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் கம்பெனிகள் மாற்றவில்லை. தன் பெட்டிக்கு மட்டும் புது இணைப்பைப் போட்டு என்ன பயன், பக்கத்துக் கம்பெனியின் பெட்டிக்கு அது பொருந்தாதே? ஒருவர் மட்டும் நல்லவராக இருந்து இதில் காரியமில்லை. கடைசியில் 1893 மார்ச் மாதம் எல்லோருக்கும் ஒரே சட்டம் வந்த பிறகுதான் மாறியது.

நம் நிலைமையும் அதே முடிச்சில்தான் நிற்கிறது. ஒருவர் தன் ஜீப்பில் 50 மில்லிமீற்றர் உருண்டை போடுவார். வாடகைக்கு எடுக்கும் ட்ரெய்லரின் கிண்ணமோ வேறு அளவு. இரண்டு அங்குலக் கிண்ணத்தை ஒன்றேமுக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய பழைய உருண்டைமேல் உட்கார வைத்தால், சமதரையில் நன்றாகத்தான் ஓடும். முதல் பெரிய பள்ளத்தில் எழும்பிக் கழன்றுகொள்ளும். ஆக, இழுக்கிறவர் மட்டும் திருந்தினால் போதாது. இழுபடுகிறவரும் திருந்த வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. ட்ரெய்லருக்கும் தனிப் பதிவு இருக்கிறது. கார், ஜீப் வைத்திருப்பவர் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை செய்துகொண்டுதான் போக வேண்டும். குழாயிலிருந்து என்ன வெளியே போகிறது என்று பார்க்கும் அந்த இடத்தில், அதற்கு அரை அடி தள்ளி இருக்கும் கொக்கியைப் பார்ப்பதில்லை. ஐரோப்பாவில் டோ பார் விற்பனைக்கு வருமுன்னே, ஐக்கிய நாடுகளின் 55 ஆம் இலக்க விதிப்படி அதை இயந்திரத்தில் பூட்டி 20 இலட்சம் தடவை முன்னும் பின்னும் இழுத்துச் சோதிக்கிறார்கள். விரிசல் கண்டால் தள்ளிவிடுவார்கள். நம் ஊரில் அந்தச் சோதனையைப் பாதையே செய்கிறது.

அதற்காகப் பொலிஸாரை வைத்து எல்லாக் கொக்கிகளையும் வெட்டி எறியுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2025 ஜனவரியில் அரசின் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தோடு சேர்த்து பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றச் சொன்னபோது எழுந்த மனக்கசப்பு நினைவிருக்கும். எது ஆபத்து, எது அலங்காரம் என்று சாரதிகளோடு உட்கார்ந்து பேசாமல் தொடங்கிய வேலை அது. பாதித் தூரம் சரியான காரியம்தான். ஆனாலும் பொலிஸைக் கண்டால் கழற்றுவது, போனதும் மாட்டுவது என்ற கண்ணாமூச்சியில் எந்த நல்ல விதியும் தேய்ந்துபோகும். கொக்கி விஷயத்தில் கழற்றச் சொல்வதைவிடச் சரியாகப் போடச் சொல்வதே வழி. அதற்கு ஊர் முன்வர வேண்டும்.

யார் என்ன சொல்வார்கள் என்பது தெரிந்ததுதான். தரமான போல்ட் வாங்கக் கண்டிக்குப் போக வேண்டும், ஒரு நாள் உழைப்பு போய்விடும் என்பார் வெல்டிங் கடைக்காரர். அவர் சொல்வதில் உண்மை உண்டு. அப்படியானால் கலஹாவில் உள்ள கடைக்காரர்கள் இரண்டு மூன்று அளவில் 8.8 போல்ட்டையும் பூட்டூசியோடு கூடிய பின்னையும் வாங்கி வைக்கட்டும், வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்கட்டும். பிரேக் உள்ள பெட்டிக்கு ஏது காசு என்பார் தோட்டத்துத் துரை. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பல இன்னும் அரசின் கையில்தான் இருக்கின்றன. அவற்றை நடத்தும் ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நட்டக் கணக்கு காட்டுவது புதிதல்ல. அந்த வாதம் பெரிய செலவுக்குப் பொருந்தலாம். பின்னும் சங்கிலியும் வாங்கும் செலவுக்குப் பொருந்தாது. பெரட்டுக் களத்தில் மாதம் ஒரு நாள் ஐந்து நிமிடம் ஒதுக்கி, பின்னைக் கழற்றி, தேய்மானம் பார்த்து, புத்தகத்தில் கையொப்பம் வைக்க எந்தத் திறைசேரியின் அனுமதியும் தேவையில்லை. முறிந்தால் சாரதியின் தலையில்தானே கட்டுவார்கள் என்று தொழிற்சங்கம் கேட்கும். நியாயமான பயம். ஆகவே அந்தப் புத்தகத்தில் சாரதி மட்டும் கையொப்பம் வைக்கக் கூடாது, பொறுப்பான உத்தியோகத்தரும் வைக்க வேண்டும். பழுது என்று சாரதி எழுதிக் கொடுத்த வண்டியை அன்று எடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இருக்கக் கூடாது. சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையில் இந்த ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டால் அது சந்தாவுக்கு ஏற்ற வேலை.

கராஜ்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான். நீங்கள் போட்ட டோ பாரில் உங்கள் கடையின் பெயர், போட்ட திகதி, எத்தனை கிலோ வரை என்ற மூன்றையும் சிறு தகட்டில் பொறித்து ரிவிட் அடியுங்கள். பெயர் போடும்போது கை தானாகவே கவனமாக வேலை செய்யும். தகடு இல்லாத டோ பாரோடு வந்தவருக்கு ட்ரெய்லர் வாடகைக்குக் கொடுக்க மாட்டோம் என்று வாடகைக்காரர்களும் சொல்லிவிட்டால், சட்டம் வரும்வரை அதுவே சட்டம்.

பேராதனையிலிருந்து நாம் ஏறி வரும் கலஹா வீதி பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளே புகுந்துதான் வருகிறது. பொறியியல் பீடமும் விவசாய பீடமும் உள்ள வளாகம் அது. பிள்ளைகள் படிக்கும் உலோகக் களைப்பும் வெல்டிங் குறைபாடும் அவர்கள் ஜன்னலுக்கு வெளியே தினமும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தால் முடி அளவு விரிசலும் சிவப்புக் கோடாக எழும்பி நிற்கும். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை பிரதேச சபை மைதானத்தில் முகாம் வைத்து, ஊர் ட்ரெய்லர்களின் கொக்கியை மாணவர்கள் பார்த்துக் கொடுத்தால் அவர்களுக்கும் அது நல்ல செய்முறைப் பாடம். தண்டம் எழுதும் புத்தகத்தைப் பொலிஸார் அன்று நிலையத்திலேயே விட்டு வர வேண்டும், இல்லையென்றால் ஒரு வண்டியும் வராது.

கோயில் கமிட்டிகளுக்கும் பங்கு உண்டு. தோட்டத்துத் திருவிழாவில் சுவாமி ஊர்வலம் வருவது இப்போது பெரும்பாலும் டிராக்டர் பெட்டியின்மேல்தான். அதற்குப் பின்னால் ஜெனரேட்டர் பெட்டி, அதற்கும் பின்னால் தீச்சட்டியோடும் காவடியோடும் ஊரே நடக்கும். ஏற்றத்தில் அந்தப் பின் முறிந்தால் பெட்டி பின்னோக்கி இறங்குவது பக்தர்கள்மேல். கொடியேற்றத்துக்கு முன் தேர் அலங்காரத்துக்கு ஆள் வைக்கும் கமிட்டி, கொக்கியைப் பார்க்கவும் ஒருவரை வைக்கட்டும். இரண்டு பெட்டிகளைச் சேர்த்து ஒரே டிராக்டரில் இழுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடட்டும். ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் சக்கரக் கட்டையோடு ஓர் இளைஞர் நடப்பது சில இடங்களில் ஏற்கெனவே வழக்கம். அது எல்லா இடத்துக்கும் பரவ வேண்டிய வழக்கம்.

மீட்பு வேலைக்கு மட்டும் தனியாக ஒரு ஏற்பாடு வேண்டும், அடுத்த பெருமழைக்கு முன்பே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும்போதெல்லாம் ஊர்க்காரர் கயிறு தேடி ஓடுகிறார்கள். சுவசெரிய அம்புலன்ஸ் ஏற முடியாத லயத்துப் பாதையில் நோயாளியை ஜீப்பில்தான் இறக்குகிறோம். அந்த ஜீப்பும் புதைந்தால் இன்னொரு ஜீப் வர வேண்டும். அந்த நேரத்துக்காக ஓர் இரும்புப் பெட்டி: தாங்கும் எடை பொறித்த இரண்டு பட்டிகள், நான்கு ஷெக்கிள்கள், தடித்த கையுறைகள், நான்கு சக்கரக் கட்டைகள், இழுக்கும்போது பட்டியின் நடுவில் போட ஒரு கனமான கம்பளி. அறுந்தால் கம்பளியின் பாரம் பட்டியைத் தரையில் அழுத்திவிடும். மூடியின் உட்பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் நான்கு வரி: உருண்டையில் மாட்டாதே, சேசியில் மாட்டு, பட்டியின் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தள்ளி நில், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பு.

செலவை ஜீப் வைத்திருப்பவர்களும் கடைக்காரர்களும் தோட்டங்களும் பகிர்ந்துகொள்ளலாம். பெட்டியைப் பூட்டி வைக்கும் இடம் குறித்துத்தான் பேச்சு நீளும். பொலிஸ் நிலையம் என்பார் ஒருவர், பிரதேச சபை என்பார் இன்னொருவர். இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து. இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் திறக்கிற ஒரு வீட்டில் இருக்கட்டும். சாவி மூன்று செய்து, ஒன்று கோயிலிலும் ஒன்று விகாரையிலும் ஒன்று பள்ளிவாசலிலும் கொடுத்துவிடலாம்.